ஊதாத பலூனும் ஐந்திலக்க எண்களும்

பலூனை உதட்டில் வைத்துப் பெரிதாக ஊதுகிறார் உளவியலாளர். முடிச்சுப் போடாமல் கையை விட்டுவிடுகிறார். பலூன் சர்ரென்று அறையைச் சுற்றிப் பறந்து சுவரோரம் விழுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரே குதூகலம். சுருங்கிய பலூனை எடுத்து மறுபடி உதட்டருகே கொண்டுபோகிறார். ஊதவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. சும்மா காத்திருக்கிறார்.

சோதனையே அந்தச் சும்மாவில்தான் நடக்கிறது. ‘இன்னொரு தடவை’ என்பதைக் குழந்தை எப்படிக் கேட்கப் போகிறது? பெரும்பாலான குழந்தைகள் பலூனைப் பார்த்து, ஊதுபவரின் கண்ணைப் பார்த்து, திரும்பவும் பலூனைப் பார்க்கும். கூடவே ஒரு சிணுங்கல், ஒரு கைநீட்டல். வேறொரு குழந்தை அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பலூன் மேல் வைக்கும். முகத்தை ஏறிட்டும் பார்க்காது. இரண்டு குழந்தைகளுக்கும் வேண்டியது ஒன்றுதான். கேட்ட விதம் வேறு. அதை உளவியலாளர் மனதில் குறித்துக்கொள்கிறார்.

இந்த விளையாட்டுத் தொகுப்பின் பெயர் ஏடாஸ். ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கான உற்றுநோக்கல் அட்டவணை என்று விரித்துச் சொல்லலாம். கேத்தரின் லார்டு, மைக்கேல் ரட்டர் உள்ளிட்டோர் 1989இல் வெளியிட்டார்கள். இன்று புழக்கத்தில் இருப்பது 2012இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நடத்தையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நடத்தை இடத்துக்கு இடம் மாறுமே! சென்ற வாரம் அட்லாண்டாவில் ஒருவர் பார்த்ததையும் இன்று சியாட்டிலில் இன்னொருவர் பார்ப்பதையும் எப்படி ஒப்பிடுவது? அதற்குத்தான் அதே பலூன், அதே சோப்புக் குமிழி, அதே பொம்மைப் பெட்டி. 40 முதல் 60 நிமிடங்களுக்குள், இயல்பாக நடப்பதுபோலத் தோன்றும் சந்தர்ப்பங்களை வரிசையாக உண்டாக்கிவிடுகிறார்கள்.

ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். களிமண்ணைத் தட்டிக் கேக் செய்து, குச்சிகளை மெழுகுவர்த்தியாகக் குத்தி, பொம்மைக்கு ஊட்டுகிறார்கள். குழந்தை இந்தப் பாசாங்கில் சேர்ந்துகொள்கிறதா? இன்னொரு இடத்தில் ஒரு மரக்கட்டையை எடுத்து, இது விமானம் என்று பறக்கவிட்டுக் காட்டுகிறார் உளவியலாளர். கட்டை கட்டையாகவே இருக்கும்போது அதை விமானமாக ஏற்றுக்கொள்வது மனித மூளையின் அசாத்தியமான வித்தை. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. சரளமாகப் பேசும் பிள்ளைகளிடம் தவளைகள் இரவில் பறந்து ஊருக்குள் வரும் சொற்களற்ற படக்கதை ஒன்றைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்வார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தொகுப்பு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பேச்சு. சொல்லே இல்லாத குழந்தைக்கு ஒன்று, சொற்றொடர் பேசும் குழந்தைக்கு ஒன்று, சரளமாகப் பேசுபவருக்கு வேறொன்று.

இதில் அடிக்கடி தேடப்படும் புதையல் ஒன்று உண்டு: இணைகவனம். நான் பார்ப்பதை நீயும் பார், நாம் இருவரும் சேர்ந்து அதைப் பார்க்கிறோம் என்ற உணர்வு. மொட்டைமாடியில் நின்று விமானத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு விமானம் வேண்டியதில்லை. அம்மாவும் பார்த்தாளா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பேச்சு இந்த முக்கோணத்தின் மேல்தான் ஏறி நிற்கிறது.

விளையாட்டு முடிந்ததும் கணக்கு. கண்பார்வை, முகபாவம், சைகை, குரலின் ஏற்ற இறக்கம் என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, 2 என்றால் தெளிவான வேறுபாடு, 3 என்றால் மிக அதிகம். இங்கே ஒரு வினோதம்: இறுதிக் கூட்டலில் 3ஐயும் 2 ஆகவே எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கடுமையாக இருப்பது மொத்தத் தீர்ப்பையும் சாய்த்துவிடக் கூடாதல்லவா? இந்த அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கொரோனா காலம் காட்டிக்கொடுத்தது. முகக்கவசம் போட்டதும் ஏடாஸ் செல்லாததாகிவிட்டது. சிரிப்பைப் பார்க்க முடியாத குழந்தை சிரிப்புக்குப் பதில் தரவில்லை என்று எப்படி எழுதுவது?

ஏடாஸ் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டின்படி. 2013இல் வந்தது, அதற்கு முன் தனி நோய்ப்பெயராக நின்ற ஆஸ்பெர்கரையும் ஆட்டிசக் குடைக்குள் கொண்டுவந்தது இதுதான். சமூகத் தொடர்பு சார்ந்த மூன்று அம்சங்களும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தை ஏற்காமை, ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை போன்றவற்றில் வேறுபட்ட உணர்வு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு. நான்கில் இரண்டோ அதற்கு மேலோ 11 விதங்களில் அமையலாம். ஒரே பெயர் பெற்ற இரண்டு குழந்தைகள் ஒருவரையொருவர் துளிகூட ஒத்திருக்காமல் இருப்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கே போதும்.

இவை சின்ன வயதிலேயே இருந்தனவா என்பதும் தெரிய வேண்டும். அதற்குச் சாட்சி பெற்றோர். ஏடிஐ-ஆர் என்ற நேர்காணலில் 93 கேள்விகள்; ஒன்றரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். இந்த மரபைத் தொடங்கிவைத்ததே ஒரு தந்தைதான். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வழக்கறிஞராக இருந்தவர், தன் மகன் டொனால்டு டிரிப்லெட்டைப் பற்றி 1938இல் பால்டிமோர் மருத்துவர் லியோ கேனருக்கு 33 பக்கக் கடிதம் எழுதினார். 1943இல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் குழந்தை டொனால்டுதான். இன்று பெற்றோர் நிரப்பும் படிவங்களைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் அந்த 33 பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே தனியாக ஒரு விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பது ஏடாஸில் ஒரு கட்டம். உளவியலாளர் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டிலோ அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அம்முவாகவும் குட்டியாகவும் இருந்து வந்திருக்கும். செல்லப்பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதேபோல, வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம் என இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. ‘தமிழை நிறுத்திவிடுங்கள்’ என்ற அறிவுரைக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். கேட்டால் கிடைக்கும், கேட்க வேண்டும்.

ஆக நேர்காணல், விளையாட்டு, மொழிச் சோதனை, மதிப்பெண், அறிக்கை என்று ஒரு வல்லுநரின் பல மணி நேரம் ஒரே குழந்தைக்குப் போகிறது. கையிலிருந்து கொடுத்தால் ஆயிரக்கணக்கான டாலர். ஆகவே இரண்டாவது இயந்திரம் ஒன்று உள்ளே வருகிறது. இதுவரை பார்த்த முதல் இயந்திரம் குழந்தையைப் படிக்கிறது. இரண்டாவதற்குக் குழந்தையைத் தெரியாது. எண்களையும் நிமிடங்களையும் மட்டுமே அது படிக்கும். அதுதான் காப்பீடு.

அதன் முதல் படி இலவசம். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிச வடிகட்டல் செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். 2010இன் சுகாதாரச் சட்டப்படி மிகப் பெரும்பாலான திட்டங்கள் இதற்குப் பெற்றோரிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. வடிகட்டி என்பது எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள். ஆம் அல்லது இல்லை, காத்திருப்பு அறையிலேயே முடித்துவிடலாம். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. 17 கேள்விகளுக்கு ‘இல்லை’ என்பது கவலைக்குரிய பதில். 2, 5, 12 ஆகிய மூன்றுக்கு மட்டும் ‘ஆம்’ என்பது கவலைக்குரியது. படிக்காமலே ஒரே பக்கமாக டிக் அடித்துக்கொண்டு போகிறவர் இந்த மூன்றில் மாட்டிக்கொள்வார். மொத்தம் 3 முதல் 7 வந்தால் கூடுதல் கேள்விகள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழு மதிப்பீட்டுக்கு.

முழு மதிப்பீடு என்றதும் இலவசம் நின்றுவிடுகிறது. குழந்தையை அனுப்பும் மருத்துவர் ஒரு காரணம் எழுத வேண்டும். காரணம் என்றால் எண். அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் நோய் எண் பட்டியலில் 70,000க்கும் மேற்பட்ட எண்கள். வாத்து வந்து மோதியதற்குக்கூட ஒரு எண் இருக்கிறது, நிஜமாகவே. ஆட்டிசத்துக்கு எஃப்84.0. ‘ஆட்டிசமாக இருக்கலாம்’ என்பதற்கு? எண்ணே இல்லை. புறநோயாளிப் பிரிவில் ‘சந்தேகம்’, ‘இருக்கக்கூடும்’ என்றெல்லாம் நோயை எண்ணாக்கக் கூடாது என்பது விதி. கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும்: பேச்சு தாமதம், வளர்ச்சிப் படிகளில் தாமதம். விதிக்கு நியாயம் உண்டு. சந்தேகத்தை எண்ணாக எழுதிவிட்டால் அது குழந்தையின் பதிவேட்டில் உறுதியான நோயாக உட்கார்ந்துவிடும். ஆனால் இதன் விளைவாக, ஆட்டிச மதிப்பீடு கேட்டுப் போகும் கடிதத்தின் எண்ணில் ஆட்டிசமே இருக்காது. மருத்துவர் என்ன எண் போட்டிருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் பிறகு வரும் பாதிக் குழப்பங்களைத் தவிர்த்துவிடுவார்கள்.

அடுத்து, செய்யும் வேலைக்கு எண். இவை சிபிடி எண்கள். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1966 முதல் வெளியிட்டு வருவது. இங்கே வருபவை எல்லாம் ஐந்திலக்கம். முதல் நேர்காணல் 90791. வல்லுநரே சோதனை நடத்தும் முதல் அரை மணி 96136, பின்வரும் ஒவ்வொரு அரை மணிக்கும் 96137. கிடைத்ததையெல்லாம் சேர்த்து யோசித்து, அறிக்கை எழுதி, பெற்றோரிடம் விளக்கும் முதல் மணி 96130, அதற்கு மேற்பட்ட மணிகளுக்கு 96131. 2019 வரை சோதிப்பதும் யோசிப்பதும் 96101 என்ற ஒரே எண்ணுக்குள் கிடந்தன. அதைப் பிரித்ததில் யோசிப்பதற்கென்று தனி எண் பிறந்தது. சிந்தனைக்குக் கட்டணப் பட்டியலில் ஓர் இடம் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நேரத்தை அளக்கும் விதம் அதைவிட வினோதம். பாதியைத் தாண்டினால் முழுமை என்பது விதி. 31 நிமிடம் ஆனால் ஒரு மணி நேர எண்ணைப் போடலாம். 16 நிமிடம் ஆனால் அரை மணி எண். 30 நிமிடத்தில் எழுந்துவிட்டால் அந்த ஒரு மணி கணக்கில் ஏறாது. உளவியலாளர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்று குறித்துவைப்பது இதனால்தான்.

இந்த எண்களையும் எத்தனை அலகு என்பதையும் முன்கூட்டியே அனுப்பிச் சம்மதம் வாங்குவதற்கு முன்னனுமதி என்று பெயர். பல திட்டங்களில் இது இல்லாமல் மதிப்பீடு செய்தால் செலவு பெற்றோர் தலையில் விழும். எத்தனை மணி நேரம் அனுமதித்தார்கள் என்பதை ‘அனுமதி கிடைத்தது’ என்ற மகிழ்ச்சியில் கேட்காமல் விட்டுவிடுவது சகஜம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரே சோதனை ‘மருத்துவத் தேவை’ என்றால் காப்பீடு தரும். ‘கல்விக்காக’ என்று எழுதினால் பல திட்டங்கள் தராது. குழந்தை வகுப்பில் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே பேசும் பரிந்துரைக் கடிதம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. வீட்டில், சாப்பாட்டில், தூக்கத்தில், பேச்சில் என்ன நடக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இனி அட்டையின் ரகசியம். இரண்டு அப்பாக்களின் பையில் ஒரே காப்பீட்டு நிறுவனத்தின் ஒரே நிற அட்டை இருக்கலாம். ஒருவருக்கு மாநிலச் சட்டம் பொருந்தும், மற்றவருக்குப் பொருந்தாது. முதலாமவரின் திட்டத்தில் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கிறது. இரண்டாமவரின் திட்டத்தில் பணம் அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் சொந்தப் பணம். காப்பீட்டு நிறுவனம் கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கிறது. இதற்கு சுயநிதித் திட்டம் என்று பெயர். 1974இன் எரிசா என்ற மத்தியச் சட்டம் இதை மாநிலங்களின் பிடியிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. வேலை வழியாகக் காப்பீடு பெறும் ஊழியர்களில் 10க்கு 6 பேருக்கும் மேல் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள், பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் இதுவே.

இது ஏன் முக்கியம்? 2001இல் இந்தியானா மாநிலம் ஆட்டிசத்தைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று விரிவாகச் சட்டம் போட்டது. பெற்றோர்கள் ஒவ்வொரு மாநிலச் சட்டசபையாக ஏறி இறங்கி, 2019க்குள் 50 மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வடிவில் அப்படிப்பட்ட விதி வந்துவிட்டது. அமெரிக்க ஜனநாயகத்தின் அழகான கதைகளில் ஒன்று என்பேன். ஆனால் நியூ ஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் நம்மவர் ஒருவர் மாநிலச் சட்டத்தைக் காட்டி வாதாடினால் எதிர்முனையில் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர் பிடிக்க வேண்டிய கொம்பு வேறு: உடல்நோய்க்கு வைக்காத கடுமையான கட்டுப்பாட்டை மனநலச் சேவைக்கு வைக்கக் கூடாது என்ற 2008இன் சமத்துவச் சட்டம். அது சுயநிதித் திட்டங்களுக்கும் பொருந்தும். எனவே மனிதவளத் துறையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நம்முடையது ஃபுல்லி இன்ஷூர்டா, செல்ஃப் ஃபண்டடா?’

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மெடிக்கெய்ட் திட்டம் இந்த விஷயத்தில் பல தனியார் திட்டங்களைவிடத் தாராளமானது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருத்துவத் தேவை என்று கண்டதைக் கண்டறியவும் சிகிச்சை தரவும் வேண்டும் என்ற விதி 1967 முதல் அதில் இருக்கிறது. சட்டம் தாராளம், ஏற்றுக்கொள்ளும் வல்லுநர்கள்தான் குறைவு.

வல்லுநர் பஞ்சம் எல்லோருக்கும் பொது. மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்காணிக்கும் பகுதிகளில் 2022இல் 8 வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். ஒரு வகுப்பறைக்கு ஏறத்தாழ ஒரு குழந்தை. இரண்டு வயதிலேயே நம்பகமாகக் கண்டறிய முடியும். ஆனால் அதே கணக்கெடுப்பில், கண்டறியப்பட்ட வயதின் இடைநிலை 47 மாதம், அதாவது நான்கு வயதுக்கு ஒரு மாதம் குறைவு. இடைப்பட்ட காலத்தின் ஒரு பகுதி வரிசையில் போகிறது. திட்டத்தின் பட்டியலில் உள்ள வல்லுநர் யாருமே நியாயமான தூரத்தில், நியாயமான காலத்தில் கிடைக்கவில்லை என்றால், பட்டியலுக்கு வெளியே இருப்பவரைப் பட்டியல் விலையில் பார்க்க அனுமதி கேட்கலாம். ‘கேப் எக்ஸெப்ஷன்’ என்பார்கள். எத்தனை பேரைக் கூப்பிட்டோம், யார் என்ன தேதி சொன்னார்கள் என்ற குறிப்பு இருந்தால் கேட்பது எளிது.

மறுத்துவிட்டால்? இங்கே இயந்திரத்துக்குள் கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. வேலைவழித் திட்டங்களில், சேவைக்கு முந்தைய கோரிக்கைக்கு 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை நீட்டிக்கலாம். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்கு 180 நாள். அதற்கு முன்பே, உங்கள் மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாம். பல மறுப்புகள் அந்த ஒரு பேச்சிலேயே கரைந்துவிடுவதுண்டு. மேல்முறையீடும் தோற்றால் இன்னும் ஒரு கதவு இருக்கிறது: நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத வெளி மருத்துவர்களின் ஆய்வு. மருத்துவக் காரணம் சொல்லி மறுத்த வழக்கை நான்கு மாதத்துக்குள் அங்கே கொண்டுபோகலாம். 45 நாளுக்குள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கோடிக்கணக்கில் புரளும் நிறுவனத்தை ஒரு குடும்பம் வழக்கறிஞர் இல்லாமல் பணியவைக்கக்கூடிய இடம் இது.

இவ்வளவு எண்களுக்கும் நடுவே, காப்பீட்டு அட்டையே தேவைப்படாத ஒரு வாசலும் இருக்கிறது. மூன்று வயது நிறையாத குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிக் கவலை இருந்தால் பெற்றோரே மாநிலத்தின் ‘எர்லி இன்டர்வென்ஷன்’ அலுவலகத்தை அழைக்கலாம். மருத்துவரின் கடிதம் வேண்டாம். அழைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்து, என்ன உதவி என்று முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. 1986இல் வந்த ஏற்பாடு இது. மூன்று வயது நிறைந்ததும் பொறுப்பு உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு 60 நாள், மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அது. பள்ளி தரும் ‘ஆட்டிசம்’ என்ற வகைப்பாடு பள்ளிச் சேவைக்கானது. சிகிச்சைக்குப் பணம் தரக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மருத்துவ முடிவைத்தான் கேட்கும். அதனால் ஒரே குழந்தை இரண்டு முறை பலூனைப் பார்க்க நேரிடலாம். மருத்துவமனை வரிசையில் பெயர் கொடுக்கும் அதே நாளில் இந்த அலுவலகத்தையும் அழைத்துவிடலாம். ஒன்றில் காத்திருப்பது மற்றொன்றைத் தடுக்காது. முதலில் முடியும் அறிக்கையின் பிரதியை அடுத்தவரிடம் கொடுத்தால், எந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.